துப்பட்டியில் வடித்த கடல்

இரண்டாவது தடவையும் மீன்கள் செத்து மிதந்த அன்று கியாசுதீன் பாய் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு என் கொட்டகைக்குள் வந்தார். இடம் அவருடையது. அவருடைய நாஸ்தா கடைக்கும் என் மீன் கண்காட்சிக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான் மறைப்பு.

"இன்னா வச்சலா, ஜனம் இட்லி துன்ன வருதா, இல்ல பொணம் மோந்துட்டுப் போவ வருதா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லையே. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருந்தது. அதன்மேல் என் மஞ்சள் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"காணும் பொங்கல் வரிக்கும் டைம் தரேன். அன்னிக்கி மெட்ராஸே இங்க வந்து எறங்கும். உன் தொட்டித் தண்ணி பளிங்கு மாரி இருக்கணும். உள்ள உசுரோட ஏதாவது நீந்தணும். இல்லேன்னா மறுநாளே சோடாக்காரனுக்கு எடத்த வுட்ருவேன். அப்பால எங்கிட்ட அழுதுகினு வராத."

"அழுவுறதுக்கு வேற ஆளப் பாரு பாய்" என்றேன். அவர் போன பிறகு செத்த மீனையெல்லாம் அள்ளும்போது அழுதேன் என்பது வேறு விஷயம்.

மாமல்லபுரத்தில் திரும்பின பக்கமெல்லாம் கல்லு விலங்கு. கல்லில் யானை, கல்லில் குரங்கு, கல்லில் பசு. அதைப் பார்க்க பஸ் பஸ்ஸாக ஜனம் வருகிறது. கடற்கரை ஊருக்கு வருகிறவர்களுக்கு உயிரோடு கடல் மீனைக் காட்டினால் பார்க்க மாட்டார்களா என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தொடங்கியதுதான் அந்தக் கொட்டகை. அதற்கு முன்னால் பதினாறு வருஷம் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடந்தவள் நான். கூடையோடு பஸ்ஸில் ஏறப்போனால் கண்டக்டர் நாயை விரட்டுவது போல விரட்டுவான். கொட்டகை போனால் மறுபடி கூடைதான். நான் மறுபடி கூடை தூக்க மாட்டேன். அதற்கு மேல் யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் மாயவன் நல்ல மனுஷன். கட்டுமரத்தில் போய்ப் பாறை ஓரத்து மீனை அடிபடாமல் பிடித்துக்கொண்டு வருவதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் தொட்டி விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு யோசனைதான் தெரியும். "தண்ணிய மாத்துடி. அம்மாம் பெரிய கடலு எதிர்ல கீது."

மாற்றத்தான் மாற்றினேன். மாற்றிய மறுநாளே கலங்கியது. மீன் போடுகிற எச்சம், தின்னாமல் விட்ட தீனித் துணுக்கு எல்லாம் தூள் தூளாகித் தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. கடலில் அதைத் தின்னவும் அரிக்கவும் ஆயிரம் ஜீவன் உண்டு. என் தொட்டியில் யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் பாறைமேல் போய் உட்கார்ந்தேன். அலை விட்டுவிட்டுப் போன தண்ணீர் பாறைக் குழிகளில் தேங்கியிருந்தது. பாசி அடர்ந்த குழியில் தண்ணீர் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாசி இல்லாத குழி நாறியது. சரிதான் என்று ஒரு கூடை பாசியைக் கொண்டுவந்து கண்ணாடித் தொட்டிக்குள் போட்டேன். மீன் அழுக்கெல்லாம் பாசியின்மேல் சேறு மாதிரி படிந்து, அது மூச்சு முட்டி வெளுத்து, மீனோடு சேர்ந்து அதுவும் நாறியது. பாய் கெடு வைத்தது அதற்கு அப்புறம்தான்.

அதற்காக விட்டுவிட முடியுமா? பாசிக்குத் தனி வீடு வேண்டும், அழுக்கு அந்த வீட்டு வாசலோடு நிற்க வேண்டும் என்று புரிந்தது. மாடு குடித்துப் பழகிய ஒரு பழைய கழுநீர்த் தொட்டியைத் தேடிப் பிடித்து, செங்கல் அடுக்கிக் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் உயரமாக வைத்தேன். அதில் மணலும் பாசியும் மட்டும். மூர் மார்க்கெட்டில் வாங்கிய காற்று மெஷின் ஒரு குழாய்க்குள் குமிழி விடும். குமிழியோடு கண்ணாடித் தொட்டித் தண்ணீரும் குழாய் வழியே மேலே ஏறும். ஏறிய தண்ணீர் முதலில் வடிகட்டியில் விழ வேண்டும். அங்கே அழுக்கை விட்டுவிட்டுப் பாசித் தொட்டிக்குப் போக வேண்டும். அங்கிருந்து வழிந்து திரும்பவும் மீனிடம் வர வேண்டும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

சோதனைக்கென்று நாலு மீனை மட்டும் விட்டு, முதலில் ஒரு பானையில் ஓட்டை போட்டு மணலை நிரப்பினேன். இரண்டு நாளில் மணலின்மேல் தயிர் ஆடை போல வழவழவென்று ஒன்று படிந்தது. தண்ணீர் உள்ளே இறங்காமல் பானை வழிந்து, தட்டிக்கு அடியில் ஓடி, பாயின் அடுப்படிக்குப் போய்விட்டது. சமையல்காரர் எல்லப்பன் போட்ட கூச்சல் கடற்கரை வரைக்கும் கேட்டது.

அடுத்தது துணி. மெல்லிய மல் துணியை மூன்று மடிப்பாக மடித்து ஒரு மூங்கில் தட்டில் விரித்துக் கட்டினேன். தண்ணீர் இறங்கியது. அழுக்கு நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள் மறுபடி நாற்றம். துணியைத் தூக்கி மோந்து பார்த்தேன். நாற்றம் அதிலிருந்துதான் வந்தது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அழுக்கைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்துபோகாது. பிடித்த அழுக்கு துணியிலேயே உட்கார்ந்திருந்தால் அது இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது, அந்தத் தண்ணீரில்தான் கரைகிறது. எடுத்து வெளியே கொட்டினால்தான் அது போனதாகக் கணக்கு. அன்றிலிருந்து நான் சாப்பிடுகிற வேளைக்கெல்லாம் துணிக்கும் ஒரு குளியல். சோப்பு கூடாது, கடல் தண்ணீர் மட்டும். ஒன்று காயும்போது ஒன்று தொட்டியில் இருக்கும். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு மாதிரி கொட்டகை முழுக்கக் கொடியில் துணி தொங்கியது.

"இன்னா வச்சலா, பேறுகாலமா?" என்று பாய்கூடக் கிண்டல் செய்தார்.

செய்யட்டும். மார்கழி பிறந்தபோது தண்ணீர் தெளிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கோடு போட்ட மீனும் மூக்கு நீண்ட மீனும் புதிதாகக் கொண்டுவந்தார். எல்லாம் உயிரோடு இருந்தன, தீனியைக் கண்டால் கண்ணாடிக்கு ஓடி வந்தன. நான் வேலை இல்லாத நேரத்திலும் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஒரே ஒரு தொல்லைதான். துணி தங்கவில்லை. உப்புத்தண்ணீரிலேயே கிடப்பதால் நைந்து, துவைக்கும்போது கையோடு வந்தது. "எழவு, இதுவும் மக்கிப் போச்சி" என்று நான் தினமும் புலம்பியதை என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் பேசவில்லை. பேசாமல் இருக்கிற ஆம்பளை என்ன செய்யப்போகிறான் என்று யாருக்குத் தெரியும்?

பொங்கலன்று காலை வாசலில் பானை பொங்கி, குலவையும் போட்டாயிற்று. அவர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். முழங்கை வரைக்கும் கறுஞ்சிவப்பு.

"இனிமே உன் துணி ஆயுசுக்கும் மக்காது" என்றார்.

அந்தக் கையை இழுத்து மோந்து பார்த்தேன். பனிச்சங்காய் வாடை. எங்கள் ஜனத்தில் நூல் வலையைப் பச்சையாகக் கடலில் இறக்க மாட்டார்கள். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் முக்கிக் காயவைத்துத்தான் இறக்குவார்கள். அந்தத் துவர்ப்பு ஏறிய நூலை உப்புத்தண்ணீர் சீக்கிரம் தின்னாது. நைலான் வலை வந்து எத்தனையோ பேர் அதை மறந்தும், இவர் ஒரு நூல் வலையை விடாமல் வைத்திருந்தார். போகியன்று ராத்திரி அந்த வலைக்குச் சாறு ஏற்றும்போது என் துணிகளையும் ஒன்று விடாமல் சேர்த்து முக்கியிருக்கிறார். விடிவதற்குள் கொட்டகைக்குப் போய், தட்டில் நைந்து கிடந்த பழைய துணியைக் கிழித்து எறிந்துவிட்டுச் சாறு ஏற்றியதைக் கட்டிவிட்டும் வந்திருக்கிறார். பொங்கலுக்கு எனக்குச் செய்கிற சீராம்.

"யோவ், வலை கடல்ல கெடக்குதுய்யா! என் தொட்டி கடலாய்யா?" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பானை அடுப்பிலேயே கிடந்தது.

இரண்டு தொட்டியும் பால் ஊற்றாத டீ மாதிரி இருந்தன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. என் பின்னாலேயே ஓடி வந்தவர் அதைப் பார்த்துச் சிலையாக நின்றுவிட்டார்.

"பாசியத் தூக்கு" என்றேன்.

"மீனு சாவுதுடி!"

"சாவட்டும். பாசி போச்சின்னா இன்னொரு தபா தண்ணி தெளியாது. பாசிய மொதல்ல தூக்குய்யா!"

என் வாயால்தான் சொன்னேன். தீனியைக் கண்டால் ஓடி வருகிற மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் பாசியை அள்ளினேன். துணி அலச முன்பே நிரப்பி வைத்திருந்த கடல் தண்ணீர்ப் பானைகளில் பாசியைப் போட்டு முடித்த பிறகு மீனிடம் போனேன். எல்லாவற்றையும் மிச்சமிருந்த நல்ல தண்ணீரில் விட்டேன். உச்சிப்பொழுதுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதுன்னுதான் பண்ணேன் வச்சலா." அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தபோது திட்ட வாய் வரவில்லை.

"எழுந்திருய்யா. நாளைக்கி ஒரு நாள் கீது."

இரண்டு தொட்டியையும் தேய்த்துக் கழுவி, புதிதாகத் தண்ணீர் நிரப்ப வேண்டும். கடல் எதிரேதான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் வாடைக்காற்று அடித்துக் கரையோரம் முழுக்க மண்ணும் நுரையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மண் படிந்து பாசி செத்துவிடும். வடித்துத்தான் ஊற்ற வேண்டும். எதில் வடிப்பது? என்னிடம் இருந்த துணியெல்லாம் பனிச்சங்காய்ச் சாறு. புடவையில் சாயம் போகும். அவருடைய பொங்கல் வேட்டியில் கஞ்சி. நைலக்ஸ் புடவையை விரித்துப் பார்த்தேன், சேறு நேராக இறங்கிப் போனது. பண்டிகை நாள், துணிக்கடையும் கிடையாது.

தட்டிக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. பாயின் சம்சாரம் ராபியா. கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. நான் கத்தியது, அழுதது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். தட்டியை விலக்கி ஒரு வெள்ளைத் துணியை நீட்டினாள். வெளியே போகும்போது அவள் தலையோடு போர்த்திக்கொள்கிற துப்பட்டி.

"இத்த எடுத்துக்க. வருசக்கணக்கா தோச்சி தோச்சிப் பூ மாரி ஆய்ப்போச்சி. கஞ்சியும் இல்ல, சாயமும் இல்ல."

"ஐயோ, நீ வெளிய போவ இன்னா பண்ணுவே?"

"நா எங்க போவப்போறேன்? மெட்ராஸே இங்கல்ல வருது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுராண்ட சொல்லாத. இருக்கறது இது ஒண்ணுதான்" என்றாள்.

அந்தத் துணியைக் கிழிக்க மனசு வராமல் அப்படியே முழுசாக மடித்துக் கட்டினேன்.

மாட்டுப் பொங்கலன்று ஊரில் மாடுகளுக்குக் கொம்பில் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கடலை வடித்துக்கொண்டிருந்தோம். அவர் குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றுவார். துப்பட்டியில் மண் ஒரு விரல் கனத்துக்கு நிற்கும். நான் அவிழ்த்து, அலசி, மறுபடி கட்டுவேன். அதற்குள் அவர் அடுத்த குடத்தோடு வந்து நிற்பார். முதலில் பாசிப் பானைகளுக்கு, பிறகு கழுநீர்த் தொட்டிக்கு, கடைசியில் கண்ணாடித் தொட்டிக்கு. என் விரல் நுனியெல்லாம் உப்பில் வெடித்தது. அவர் தோளில் குடம் அழுத்திக் கன்றிப்போயிருந்தது. ஒருவருக்கும் சோறு நினைப்பு இல்லை. ராபியா தட்டிக்கு அடியில் தள்ளிவிட்ட இரண்டு தட்டு இட்லியைத்தான் நின்றபடியே தின்றோம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொட்டி நிரம்பியது. செங்கல்பட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்த பாய் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணி ஷோக்காத்தான் கீது. உசுரு எங்க?"

"நாளைக்கித்தானே கெடு? நாளைக்கி வா பாய்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. உயிருக்கு எங்கே போவது? அவர் போனதும் என் வீட்டுக்காரர் துடுப்பை எடுத்தார். "பாறையாண்ட போய் நாலு மீனாச்சும் புடிச்சாறேன்."

அலை ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஊரில் ஒரு கட்டுமரமும் கடலில் இறங்கவில்லை. துடுப்பைப் பிடுங்கி மூலையில் போட்டேன். "உன்ன முழுங்கிட்டு வர்ற மீனு எனக்கு வாணாம். காலித் தொட்டின்னாலும் தெறந்துதான் வெப்பேன். போய்ப் படு."

காணும் பொங்கல் காலையில் பாசியை அதன் தொட்டியில் திரும்ப நட உட்கார்ந்தேன். ஒவ்வொரு கொத்தாக எடுத்து, ஒட்டியிருந்த பழைய சாறு போகட்டும் என்று ஒரு வெள்ளைப் பேசினில் அலசினேன். பேசினில் ஏதோ துள்ளியது. குனிந்து பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டு கறுப்புப் புள்ளி மட்டும் தண்ணீரில் நகர்ந்தது. பேசினின் அடியில் ஒரு நிழல் அதோடு கூடவே நகர்ந்தது.

இறால்! கடல் தண்ணீரோடு எப்போதோ பொடியாக வந்து, பாசிக்குள் ஒளிந்து, தின்ன வருகிற மீன் அந்தத் தொட்டியில் இல்லாததால் சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. அடுத்த கொத்தில் இன்னும் இரண்டு. அதற்கடுத்ததில் ஒரு கும்பல். பாசியைக் காப்பாற்றுகிறேன் என்று இவற்றைத்தான் நான் காப்பாற்றியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். பேசினைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடித் தொட்டியில் மெதுவாகச் சாய்த்தேன்.

பிறகு கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. உடம்பு கண்ணாடி. உள்ளே தின்ற தீனி கறுப்பு நூலாக ஓடுவது தெரிந்தது. தலைக்குள்ளே ஏதோ படபடவென்று துடித்தது. வயிற்றுக்கு அடியில் இருந்த குட்டித் துடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைய, அது தண்ணீரில் நடந்தது. தண்ணீரில் ஒரு தூசு இருந்திருந்தாலும் அதைப் பார்த்திருக்க முடியாது. பதினாறு வருஷம் இறாலைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்திருக்கிறேன், கூறு கட்டி விற்றிருக்கிறேன். உயிரோடு ஒன்று நீந்தி அன்றுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பஸ்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. ஜனத்துக்கு முன்னால் பாய் வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா வச்சலா, வெறுந்தண்ணியக் காட்டி ஜனத்த ஏமாத்தப் போறியா?"

"கிட்ட வந்து பாரு பாய்."

கிட்ட வந்தார். இன்னும் கிட்ட வந்தார். கண்ணாடியில் மூக்கு இடித்தது. ஒரு இறால் அவர் கண்ணுக்கு நேராக வந்து நின்று மீசையை ஆட்டியது.

"எறா மாரி கீதே?"

"எறாதான். உன் சட்டில செவந்து கெடக்குமே, அதேதான்."

"த்தே, சும்மா இரு" என்றார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "உள்ள துடிக்குதே, அது இன்னாது?"

"உசுரு கேட்டியே பாய். அதுதான்."

அதற்குள் ஜனம் நெருக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. எங்கே எங்கே என்று தேடினார்கள். ஒருவர் கண்டுபிடித்து ஐயோ என்று கத்த, மற்றவர்கள் முண்டினார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, நாம் தின்கிற இறாலா இது என்று என்னை இரண்டு தடவை கேட்டுவிட்டு, நான் ஆமாம் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தக் கறுஞ்சிவப்புக் கையால் துப்பட்டியைத் திரும்பத் திரும்ப அவிழ்த்து அலசிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லவே இல்லை, அவராகவே உட்கார்ந்துவிட்டார்.

பாய் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், திட்டினார்கள். அவர் காதில் எதுவும் விழவில்லை.

"சோடாக்காரன் நாளைக்கி வருவானே, இன்னா சொல்லட்டும்?" என்று அவர் காதருகே கேட்டேன்.

"எந்த சோடாக்காரன்?" என்றார் பாய்.

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து எண்ணெய் காய்கிற வாசனையும் மசாலா வாசனையும் வந்தன. காணும் பொங்கல் என்றாலே பாய் கடையில் இறால் வறுவலுக்குத்தான் கூட்டம் அடித்துக்கொள்ளும். பாய் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"எல்லப்பா! எறா போடாத."

"இன்னா பாய்? கூடை கூடையா உரிச்சி மசாலா தடவி வெச்சிகினுகீறேன்!"

"போடாதன்னா போடாத."

"ஜனம் கேக்குது பாய்! இன்னான்னு சொல்றது?"

"இல்லன்னு சொல்லு. இன்னிக்கி ஒரு நாள் இல்லன்னு சொல்லு" என்றார் பாய். மறுபடி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.